வெள்ளிக்கிழமை வட்டம்: மாணவர் அரசியல் விவாதத்தை முன்வைத்து

கல்லூரி மாணவர்கள் வாரம் ஒருமுறை கூடி அரசியல் விவாதிப்பது தவறா என்று எந்தக் கல்லூரி முதல்வரிடம் கேட்டாலும், தவறில்லை என்றே விடை வரும். அதன் பின்னே 'ஆனால்' என்றொரு சொல்லும் வரும். அந்த 'ஆனால்' குறித்தே இக்கட்டுரை. அதே கேள்வியை இடதுசாரி இயக்கத் தோழர்களிடம் கேட்டால், கூடத்தான் வேண்டும் என்று உரக்கச் சொல்வார்கள். அவர்களிடமும் ஓர் 'ஆனால்' உண்டு; வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவே. அதைக் குறித்தும் பேசவிருக்கிறோம். இரு தரப்பாரும் நம்மீது சினம் கொள்ளக்கூடும். கொள்ளட்டும்.

நாம் ஓர் அரசு உதவிபெறும் கல்லூரியில் தமிழ் கற்பித்து வருகிறோம். கல்லூரியின் பெயரையும் ஊரின் பெயரையும் தவிர்க்கிறோம். பெயர் சொன்னால் நமக்கு வரக்கூடிய தொல்லை சிறிது. மாணவர்களுக்கு வரக்கூடியது பெரிது.

அங்கே மூன்று ஆண்டுகள் ஒரு விவாத வட்டம் இயங்கிற்று. தொடங்கியவர்கள் இடதுசாரிச் சார்புள்ள மாணவர் ஐவர். செங்கொடி அமைப்பில் இருந்தவர் இருவர், அம்பேத்கரைப் படிக்கத் தொடங்கியிருந்தவர் இருவர், பெரியார் நூல்களோடு திரிந்தவர் ஒருவர். என்ன பெயர் வைப்பது என்பதில் கருத்தொற்றுமை ஏற்படாததால் வட்டம் பெயரின்றியே நின்றது. வெள்ளிதோறும் கூடியதால் வெள்ளிக்கிழமை வட்டம் என்றாயிற்று.

மூன்றரை மணிக்குக் கடைசி வகுப்பு முடியும். நகரப் பேருந்து நாலே முக்காலுக்கு. அதைத் தவறவிட்டால் அடுத்தது ஆறரைக்குத்தான். அந்தத் தாமதத்துக்கு மாணவியர் பலரால் வீட்டில் கணக்குச் சொல்ல இயலாது. ஆகவே வட்டத்துக்குக் கிடைத்தவை 70 நிமிடங்கள். இடம், சைக்கிள் கொட்டகைக்குப் பின்னிருந்த வேப்பமரத்தடி. முதல் 15 நிமிடம், அந்த வாரத் தலைப்புக்குரிய ஒரு கட்டுரையையோ நூற்பகுதியையோ ஒருவர் வாய்விட்டுப் படிப்பார். அடுத்து இருவர் எதிரெதிராகப் பத்துப் பத்து நிமிடம் பேசுவர். பின்னர் அரைமணி நேரம் எவரும் பேசலாம். கடைசி ஐந்து நிமிடத்தில் அடுத்த வாரத்துக்கான தலைப்பும், படிக்கவேண்டிய பகுதியும், பேசவேண்டியவர்களும் முடிவாவர். யார் எந்தத் தரப்பு என்பது சீட்டுக் குலுக்கலில் தீரும். நீள நோட்டு ஒன்றில் வாதங்களை எழுதிவைத்தார்கள். சொன்னவர் பெயரை எழுதுவதில்லை. சொன்னதை மட்டும் எழுதுவார்கள். அடுத்த வாரம் எழுதவேண்டியவர் நோட்டை வீட்டுக்கு எடுத்துச் செல்வார்.

ஒரே ஒரு விதி கறாராகக் கடைப்பிடிக்கப்பட்டது. மறுத்துப் பேசுபவர், தாம் மறுக்கும் வாதத்தை முதலில் எதிர்த்தரப்பார் ஒப்புக்கொள்ளும்படி எடுத்துரைக்க வேண்டும். 'ஆம், நான் சொன்னது அதுதான்' என்று எதிரில் இருப்பவர் தலையசைத்த பிறகே மறுப்பு தொடங்கலாம். இவ்விதியை மாணவர்களே வகுத்தனர். இதைக் கேட்டபோது நமக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. நூலாசிரியர் கொள்ளத்தக்க மதங்கள் ஏழு என்று பவணந்தி முனிவர் வகுப்பதில், பிறர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர் அதைக் களைவதும் ஒன்று. வகுப்பறையில் ஐந்து மதிப்பெண் வினாவாக மட்டுமே பிழைத்திருந்த ஒரு சூத்திரம், சைக்கிள் கொட்டகைக்குப் பின்னே நடைமுறையாக உயிர்பெற்றிருந்தது.

என்ன பேசினார்கள்? இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும்.

2023 ஏப்ரலில் தொழிற்சாலைகள் சட்டத்துக்குத் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழிதிறக்கும் திருத்தம் அது. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளான இடதுசாரிக் கட்சிகளே எதிர்த்தன. மே முதல் நாளன்று, திருத்தம் திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். வட்டத்தில் இது தலைப்பானபோது, எதிர்த்துப் பேசுவது எளிது, ஆதரித்துப் பேச யார் வருவார் என்றே நினைத்தோம். சீட்டில் ஆதரவுத் தரப்பு விழுந்தது, நூற்பாலைத் தொழிலாளி ஒருவரின் மகளுக்கு. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு மாறாதபோது நான்கு நாள் உழைத்து மூன்று நாள் ஓய்வு பெறுவதில் என்ன குறை என்று அவர் தொடங்கினார். தம் தந்தை இப்போதே இரட்டை ஷிப்ட் பார்ப்பதை எடுத்துரைத்தார். எட்டுமணி நேர வேலை என்ற சட்டம் தம் வீட்டுக்குள் ஒருநாளும் நுழைந்ததில்லை என்றார். செங்கொடி அமைப்பைச் சேர்ந்த மாணவர் தயாரித்து வந்த முழக்கங்கள் அன்று பயன்படவில்லை. சட்டத்தைக் காப்பாற்றுவது பற்றிப் பேச வந்தவர், சட்டம் நடைமுறைக்கு வராத ஆலைகளைப் பற்றிப் பேசவேண்டியதாயிற்று. அந்த மாணவியும் திருத்தத்தை ஆதரித்தவர் அல்லர். எனினும் அவர் ஆதரித்துப் பேசியதால்தான் எதிர்ப்பின் ஓட்டை தெரிந்தது.

இன்னொன்று கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டதைக் கூலிப் போராட்டத்தின் மீதான தாக்குதலாகக் காண்பதா, சாதிப் படுகொலையாகக் காண்பதா? தமிழக இடதுசாரிகளும் தலித் சிந்தனையாளர்களும் நெடுங்காலமாக வாதிட்டுவரும் கேள்வி இது. வட்டம் இதற்கு இரண்டு வெள்ளிக்கிழமைகளை ஒதுக்கிற்று. படிக்கவேண்டியவற்றுள் இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவலும் இருந்தது. 1977-ல் சாகித்ய அகாதமி விருது பெற்ற அந்நாவல், நிலவுடைமையாளரின் கொடுமையை அவரது ஆண்மைக்குறைவோடு முடிச்சிட்டு, வர்க்கப் போரை உளவியல் சிக்கலாகச் சுருக்கிவிட்டது என்பது இடதுசாரி விமரிசகர்களின் குற்றச்சாட்டு. அக்குற்றச்சாட்டில் நியாயம் உண்டென்றே நாமும் கருதுகிறோம். ஆனால் இரண்டாம் வாரத்தில் நிகழ்ந்ததைச் சொல்லவேண்டும். வெளியிலிருந்து வந்திருந்த மூத்த தோழர் ஒருவர், அந்த நாவலைப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்றார். கணிதத் துறை மாணவி ஒருவர் எழுந்து, "தோழர், நீங்கள் அதைப் படித்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். "படிக்க வேண்டிய அவசியம் இல்லையம்மா. அதைப் பற்றி அப்போதே சொல்லியாகிவிட்டது" என்று விடை வந்தது. மாணவி அமர்ந்துவிட்டார். நோட்டில் அன்று எழுதப்பட்ட கடைசி வரி அந்த விடைதான்.

வட்டத்துக்கு வந்தவர் எல்லோரும் இடதுசாரிகள் அல்லர். வணிகவியல் மாணவர் ஒருவர் நேர்மாறான கருத்துடையவர். இடஒதுக்கீடு முதல் மொழிக்கொள்கை வரை எதிலும் உடன்படாதவர். ஆனால் ஒரு வாரமும் தவறாமல் வந்தார். அவர் வராத ஒரு நாளில் விவாதம் உப்பில்லாப் பண்டமாகிவிட, 'அவரை அழைத்து வராமல் இனிக் கூடாதீர்கள்' என்று பெரியார் தொண்டரே சொல்ல நேர்ந்தது.

இனி, நடந்த கதை.

மூன்றாம் ஆண்டின் இடையில் முதல்வருக்கு ஒரு மொட்டைக்கடிதம் வந்தது. கல்லூரியில் தேசத்துக்கு எதிரான கூட்டம் நடக்கிறது, மாணவிகளை மூளைச்சலவை செய்கிறார்கள் என்று அதில் எழுதியிருந்ததாம். நிருவாகம் தடை எதுவும் விதிக்கவில்லை. அதைக் கவனியுங்கள், தடை விதித்தால் எதிர்ப்பு வரும் என்று அறியாதவர்கள் அல்லர். ஒரு சுற்றறிக்கை வந்தது. வளாகத்தில் வாரந்தோறும் கூடும் எந்த மாணவர் குழுவும் முன்னனுமதி பெறவேண்டும். பங்கேற்போரின் பெயர், வகுப்பு, பெற்றோரின் தொலைபேசி எண் ஆகியவற்றை அலுவலகத்தில் அளிக்கவேண்டும். தலைப்பை ஒரு வாரம் முன்னரே தெரிவிக்கவேண்டும். இவ்வளவே.

அடுத்த வெள்ளிக்கிழமை மாணவியர் ஒருவரும் வரவில்லை.

இதை நமது சிற்றூரின் சிறுமை என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். நாட்டின் முதன்மைத் தொழில்நுட்ப நிறுவனங்களுள் ஒன்றான சென்னை ஐ.ஐ.டி.யில் 2014 ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் தொடங்கப்பட்டது. அந்தப் பெயரையே மாற்றிக்கொள்ளுமாறு நிருவாகம் வற்புறுத்தியதாக வட்டத்தினர் கூறினர். மத்திய அரசின் கொள்கைகளை விமரிசிக்கும் அவர்களது துண்டறிக்கைகளையும் சுவரொட்டிகளையும் குறித்து ஒரு மொட்டைக்கடிதம் மனிதவள மேம்பாட்டு அமைச்சகத்துக்குச் சென்றது. பெயரிடாத அக்கடிதத்தைக் குப்பையில் இடாமல், அமைச்சகம் நிறுவனத்திடம் கருத்துக் கேட்டு எழுதிற்று. 2015 மே மாதம் வட்டத்தின் அங்கீகாரம் நீக்கப்பட்டது. தம் தரப்பைக் கேட்கவே இல்லை என்று மாணவர்கள் முறையிட்டனர். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தபின், ஜூன் 7 அன்று அங்கீகாரம் மீண்டது. அதே ஆண்டில் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் அம்பேத்கர் மாணவர் சங்கத்தைச் சேர்ந்த ஐவர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டபோதும், இடையில் ஒரு மத்திய அமைச்சரின் கடிதமும் அமைச்சகத்தின் நினைவூட்டல்களும் இருந்தன. அவ்வைவருள் ஒருவரான ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று உயிர்நீத்தார். கடிதத்தில் தொடங்குவது எங்கே போய் முடியும் என்பதை நாம் அறிவோம்.

ஐ.ஐ.டி. வட்டம் மீண்டதற்குக் காரணம், அது ஐ.ஐ.டி. என்பதே. தொலைக்காட்சிக் கேமராக்கள் அந்த வாயிலுக்கு வரும். சைக்கிள் கொட்டகைக்குப் பின்னே வாரா.

இனி, மாணவர் வகுத்த விதிப்படியே செல்வோம். நிருவாகத்தின் வாதத்தை அவர்கள் ஒப்பும்படி முதலில் சொல்லவேண்டும்.

அவர்கள் சொல்வது இது. எங்கள் மாணவருள் மிகப் பெரும்பாலோர் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருபவர்கள். பெற்றோர் கடன்பட்டு அனுப்புகிறார்கள். ஒரு வழக்கு பதிவானால் அந்த மாணவனின் அரசு வேலைக் கனவு முடிந்தது. மாணவர் பேரவைத் தேர்தல்கள் சாதிச் சண்டையாக முடிந்த காலத்தைக் கண்டிருக்கிறோம். கட்சிகள் மாணவரைக் கூட்டத்துக்கு ஆள்பிடிக்கத்தான் வருகின்றன. அடிபடும்போது உடன் நிற்பதில்லை. எனவே யார் கூடுகிறார்கள், எதற்காகக் கூடுகிறார்கள் என்று அறிந்துவைப்பது எங்கள் கடமை; அடக்குமுறை அன்று.

இதில் பொய் எதுவும் இல்லை. ஒவ்வொரு கூற்றும் மெய். மெய்யாக இருப்பதால்தான் மறுக்கவேண்டியிருக்கிறது.

அரசியல் பேசினால் படிப்பு கெடும் என்போர்க்கு நாம் வழக்கமாகத் தலைவர்களின் பெயர்களை அடுக்குவோம். அது நேர்மையான விடை அன்று. என். சங்கரய்யாவை எண்ணிப் பாருங்கள். 1937-ல் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வரலாறு படிக்கச் சேர்ந்தார். மதுரை மாணவர் சங்கத்தின் செயலாளரானார். 1941-ல் இறுதித் தேர்வுக்குச் சில நாட்களே இருந்த நிலையில் கைதானார். பட்டம் பெறவே இல்லை. 2023-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்க முடிவெடுத்தபோது, வேந்தரான ஆளுநர் ஒப்புதல் தரவில்லை. நூறு வயதைக் கடந்த அவர் அவ்வாண்டு நவம்பர் 15 அன்று மறைந்தார். ஒரே மனிதருக்கு ஒரே நகரத்தில் இருமுறை பட்டம் மறுக்கப்பட்டது. 'பாருங்கள், படிப்பு கெட்டதல்லவா' என்று நிருவாகத்தார் கேட்கலாம். கெட்டதுதான். ஆனால் கெடுத்தது விவாதமா, சிறைச்சாலையா? மாணவனுக்குத் தீங்கு வரும் என்று அஞ்சுவோர், தீங்கு செய்பவரைத் தடுக்காமல், தீங்குக்கு ஆளாகக்கூடியவனைத் தடுப்பது என்ன நியாயம்?

அதே காலத்தில் இன்னொரு தமிழ் மாணவர் இங்கிலாந்தில் இருந்தார். குமாரமங்கலம் ஜமீன்தாரும் சென்னை மாகாணத்தின் முன்னாள் முதலமைச்சருமான சுப்பராயனின் மகன் மோகன் குமாரமங்கலம். ஈட்டன் பள்ளியில் படித்து, கேம்பிரிட்ஜுக்குச் சென்று, கம்யூனிஸ்டாக மாறி, 1938-ல் அங்குள்ள புகழ்பெற்ற மாணவர் விவாத மன்றத்தின் தலைவராகவும் ஆனார். ஏகாதிபத்தியத்தின் மடியில் அமர்ந்து ஏகாதிபத்தியத்தை எதிர்த்து வாதிடுவது, அவ்விடத்தில் கல்வியின் அணிகலனாகக் கருதப்பட்டது. அவருடைய தந்தையின் முகவரியைக் கேட்டு யாரும் சுற்றறிக்கை விட்டிருக்கமாட்டார்கள். அவர் திறமையைக் குறைத்து மதிப்பிடுவது நம் நோக்கம் அன்று. நாம் கேட்பது ஒன்றே. வாதிடும் பழக்கம் ஜமீன்தார் மகனுக்குத் தகுதியாகவும், நூற்பாலைத் தொழிலாளி மகளுக்குக் குற்றமாகவும் இருப்பது ஏன்? முதல் தலைமுறை மாணவர் என்பதற்காக விவாதத்தைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். முதல் தலைமுறை மாணவர் என்பதால்தான் அது தேவை என்கிறோம் நாம். வசதி படைத்தவர் வீட்டு உணவு மேசையிலேயே மறுத்துப் பேசக் கற்றுக்கொள்கிறார்கள். அப்பா சொன்னால் சரி, ஆசிரியர் சொன்னால் சரி, மேஸ்திரி சொன்னால் சரி என்று வளர்க்கப்படும் பிள்ளைக்கு 'எனக்கு வேறு கருத்து உண்டு' என்று சொல்லிப் பழக இந்த 70 நிமிடங்களை விட்டால் வேறிடம் எது?

தொலைபேசி எண் கேட்பதில் என்ன தவறு என்று ஆசிரிய நண்பர் ஒருவர் நம்மிடம் வினவினார். அவருக்கு மணிமேகலையை நினைவூட்டினோம். வஞ்சி நகரத்தில் பல சமயக்கணக்கரிடம் அவரவர் கொள்கையைக் கேட்டறியச் சென்ற மணிமேகலை தன் உருவில் செல்லவில்லை. மாதவன் வடிவம் பூண்டு சென்றாள். இளம்பெண்ணுக்குத் தத்துவம் உரைக்க எவரும் முன்வரமாட்டார் என்பதே காரணம். வாதம் கேட்க ஒரு பெண் ஆணுருக் கொள்ளவேண்டியிருந்த நிலத்தில், வேற்றுருக் கொள்ளாமலே வந்து அமர்ந்து வாதிட்டார்கள் நம் மாணவியர். சுற்றறிக்கை அவர்களிடம் கேட்டது, அப்பாவின் எண்ணை. ஆண் மாணவன் வீட்டுக்குத் தொலைபேசி போனால் திட்டு விழும். மாணவி வீட்டுக்குப் போனால் திருமணப் பேச்சு தொடங்கும். இதை அறியாத ஆசிரியர் எவரேனும் இந்நாட்டில் உண்டா?

நடுநிலை என்ற சொல்லையும் சிறிது ஆராய்வோம். வளாகம் அரசியலுக்கு அப்பாற்பட்டது என்கிறார்கள். அதே வளாகத்தில் தன்னம்பிக்கைச் சொற்பொழிவாளர் வந்து, உன் வறுமைக்கு நீயே காரணம் என்று இரண்டு மணிநேரம் முழங்கிவிட்டுப் போகிறார். அதற்கு வருகை கட்டாயம். உழைப்பவனின் வறுமைக்குக் கூலியோ நிலமோ சாதியோ காரணம் அன்று, அவனது சோம்பலே காரணம் என்று சொல்வது அரசியல் இல்லையென்றால், எதுதான் அரசியல்? கேள்வி கேட்க இடமில்லாத அரசியல் நடுநிலை எனப்படுகிறது. கேள்வி கேட்க இடமுள்ள அரசியலுக்கு முன்னனுமதி தேவைப்படுகிறது.

இதுவரை எழுதியதைப் படித்து மகிழ்ந்திருக்கும் தோழர்கள், இனி வருவதையும் பொறுமையோடு படிக்கவேண்டும்.

சுற்றறிக்கைச் செய்தி வெளியே பரவியதும் நகரத்து இயக்கத்தார் விரைந்து வந்தார்கள். அவர்களது அக்கறையில் ஐயம் இல்லை. கல்லூரி வாயிலுக்கு எதிரே கண்டனக் கூட்டம் நடந்தது. பதாகை கட்டினார்கள், ஒலிபெருக்கி வைத்தார்கள், ஏறத்தாழ 200 பேர் திரண்டார்கள். பதினொருவர் பேசினர். பதினொருவருள் வட்டத்தைச் சேர்ந்த மாணவர் ஒருவரும் இல்லை. கருத்துரிமையைக் காக்கக் கூடிய கூட்டத்தில், கருத்துரிமை இழந்தவர்களுக்கு நேரம் ஒதுக்க மறந்துவிட்டார்கள். கூட்டத்தின் படம் மறுநாள் நாளேட்டில் வந்தது. முன்வரிசையில் நின்ற மாணவர் மூவரின் முகம் அதில் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை வேப்பமரத்தடிக்கு வந்தோர் மூவர். அம்மூவரும் அல்லர், வேறு மூவர்.

மொட்டைக்கடிதம் எழுதியவர் யார் என்ற பேச்சும் எழுந்தது. வணிகவியல் மாணவர்தான் என்று தோழர்கள் உறுதியாகச் சொன்னார்கள். சான்று கேட்டோம். 'அவன் வேறு யார் பக்கம்?' என்றார்கள். மூன்றாண்டு விவாதத்தில் நிருவாகம் கற்காததை இவர்களும் கற்கவில்லை.

இடதுசாரி மாணவர் அமைப்புகளின் வரலாறு பெருமைக்குரியது. அகில இந்திய மாணவர் பெருமன்றம் 1936-ல் லக்னோவில் தோன்றியது; இந்திய மாணவர் சங்கம் 1970-ல் திருவனந்தபுரத்தில். சிறை, தடியடி, உயிரிழப்பு எனப் பெருவிலை கொடுத்து வளர்ந்தவை அவை. ஆயினும் அவ்வரலாற்றை எழுதும்போது நாம் போராட்டங்களை மட்டுமே எழுதுகிறோம். எந்த வாரக் கூட்டத்தில், யார் கேட்ட எந்தக் கேள்வியில் ஒருவர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார் என்பது எங்கும் பதிவாவதில்லை. விளைவு, போராட்டமே வேலை, விவாதம் அதற்கான ஒத்திகை என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணிநேரம் பேசுவார், 'ஏதேனும் ஐயம் இருந்தால் கேளுங்கள்' என்பார், ஒருவரும் கேட்கமாட்டார், நன்றியுரை. இதற்குப் படிப்பு வட்டம் என்று பெயர். தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தை ஏளனம் செய்கிறோம். சிரிப்புக்காகவேனும் அங்கே இரண்டு தரப்பு இருக்கிறது.

நம் முன்னோர் இப்படி அஞ்சியவர் அல்லர். சொன்னதற்காக எதையும் நம்பாதே, உன் அறிவுக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள் என்று தம் கூட்டத்தாரிடமே சொல்லிவந்தவர் பெரியார். கம்பராமாயணத்தைக் கொளுத்தவேண்டும் என்ற அண்ணா, 1943-ல் சென்னைச் சட்டக் கல்லூரி மண்டபத்தில் ரா.பி. சேதுப்பிள்ளையையும், பின்னர் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரையும் எதிரே வைத்துக்கொண்டு வாதிட்டார். எளியவர் இருவரை எதிரில் நிறுத்தி எளிதில் வென்றிருக்கலாம். தமிழின் பெரும்புலவர் இருவரைத் தேர்ந்தார்கள். அந்நிலைப்பாட்டை நாம் ஏற்கிறோமா என்பது வேறு. எதிர்த்தரப்பின் வலிமையான வாயிலிருந்தே எதிர்வாதத்தைக் கேட்கும் துணிவைத்தான் குறிப்பிடுகிறோம். 'அப்போதே சொல்லியாகிவிட்டது' என்று மாணவியை அமர்த்திய தோழரிடம் அத்துணிவு இல்லை. மொட்டைக்கடிதத்துக்கு அஞ்சிய முதல்வருக்கும் கணித மாணவிக்கு அஞ்சிய தோழருக்கும் நாம் காணும் வேறுபாடு சிறிது.

மிகையாகச் சொல்கிறோமா? அதிகாரத்தில் இருப்பவர் செய்வதும் இல்லாதவர் செய்வதும் ஒன்றாகா என்பதை அறிவோம். முதல்வரால் மாணவரின் மாற்றுச் சான்றிதழில் கைவைக்க முடியும், தோழரால் முடியாது. எனினும் வேப்பமரத்தடி வெறிச்சோடிப் போனதில் இருவருக்கும் பங்குண்டு. பெயர்ப்பட்டியல் பாதிப் பேரை விரட்டிற்று. ஒலிபெருக்கி மீதிப் பேரை.

இனி நம்மிடம் வருவோம். பிறரைக் குற்றஞ்சாட்டித் தப்பிவிடுவது அறமாகாது. அந்தச் சுற்றறிக்கை ஆசிரியர்களிடம் கையொப்பத்துக்கு வந்தது. 'படித்தேன்' என்பதற்கான கையொப்பம்தான்; 'ஒப்புகிறேன்' என்பதற்கன்று என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டு கையொப்பமிட்டோம். ஆசிரியர் கூட்டத்தில் இப்பொருள் பேசப்பட்டபோது, எழுந்து நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். பதவி உயர்வுக் கோப்பு ஒன்று அப்போது நகர்ந்துகொண்டிருந்தது. எழவில்லை. நன்னூலைச் சொல்லிக்கொடுத்த நமக்கு எழுவகை மதமும் தெரியும். மறுத்தல் என்பது அவற்றுள் ஒன்று என்பதும் தெரியும். 'ஐயா, நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையா?' என்று கணித மாணவி பிறகொரு நாள் நூலக வாசலில் கேட்டபோது விடை இல்லை. இக்கட்டுரை அந்த விடைக்கு ஈடாகாது.

நாம் வேண்டுவது பெரிதொன்றும் இல்லை. கல்லூரி நிருவாகங்களுக்குச் சொல்கிறோம்: ஆயுதமின்றி, ஒலிபெருக்கியின்றி, வகுப்பு நேரத்துக்குப் புறம்பே, கூடிப் பேசும் மாணவர்க்கு அனுமதி தேவையில்லை என்று ஒரு வரி எழுதிவையுங்கள். மொட்டைக்கடிதத்தைக் குப்பைத்தொட்டியில் இடுங்கள். ஐயம் இருந்தால் நீங்களே வந்து வட்டத்தில் அமருங்கள்; சீட்டில் விழும் தரப்பில் பத்து நிமிடம் பேசுங்கள். தோழர்களுக்குச் சொல்கிறோம்: வாருங்கள், பின்வரிசையில் அமருங்கள், கேளுங்கள். மாணவர் தவறாகப் பேசினால் பேசட்டும். இருபது வயதில் வேப்பமரத்தடியில் தவறு செய்யாதவர், நாற்பது வயதில் சட்டமன்றத்தில் செய்வார். உங்கள் கருத்துக்கு மாறானவர் ஒருவரேனும் இல்லாத கூட்டத்துக்கு விவாதம் என்று பெயர் சூட்டாதீர்கள்.

இறுதியாக ஒரு செய்தி. நிருவாகம் அந்த நீள நோட்டைக் கேட்டது. பெயர்கள் இல்லையென்றாலும் கையெழுத்துகள் இருந்தன. கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது கடினம் அன்று. நோட்டு அந்த வாரம் வணிகவியல் மாணவரிடம் இருந்தது. தொலைந்துவிட்டது என்று அவர் எழுதிக் கொடுத்தார். பொறுப்பின்மைக்காக அபராதம் கட்டினார். படிப்பு முடிந்து வெளியேறிய பின் ஒருநாள் நம் வீட்டுக்கு வந்து, செய்தித்தாளில் சுற்றிய நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். "இதில் பாதி எனக்கு எதிரான வாதங்கள்தான் ஐயா. ஆனால் நான் சொன்னதையும் ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள்" என்றார்.

இப்போது வட்டம் மீண்டும் கூடுகிறது. வளாகத்துள் அன்று, ஊர்க் கிளை நூலகத்தின் பின்கட்டில், சனிக்கிழமை காலை. போன வாரம் வந்தோர் ஒன்பது பேர், மாணவியர் இருவர். அதே நோட்டில் மீதமிருந்த பக்கங்களில் எழுதுகிறார்கள். வரும் வாரத் தலைப்பு, 'மாணவர் அமைப்புக்குக் கட்சி தேவையா?' என்பது. தேவை என்ற தரப்பு சீட்டில் நமக்கு விழுந்திருக்கிறது. மேலே எழுதியவற்றை எல்லாம் நாமே மறுத்துப் பேசியாக வேண்டும். பேசுவோம்.